ப்ராக்ஸியின் லிசனர் நிரலை மறுசீரமைப்பது: முதல்முறை கை வைப்பவருக்கு ஒரு வழிகாட்டி

எந்த ப்ராக்ஸி மென்பொருளை (கிளையன்ட்டுக்கும் சர்வருக்கும் நடுவில் நின்று இணைப்புகளைக் கடத்துவது) எடுத்தாலும், இணைப்பு முதலில் வந்து சேர்வது அதன் லிசனரிடம்தான். ஒரு முகவரியிலும் போர்ட்டிலும் காத்திருப்பது, கெர்னல் தயாராக வைத்திருக்கும் இணைப்பை வாங்குவது, அதை அடுத்த அடுக்கிடம் ஒப்படைப்பது என்று வேலை சின்னதுதான். ஆனால் பல ஆண்டுகள் வளர்ந்த ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் இந்தப் பகுதியைத் திறந்து பார்த்தால் திகைப்பாக இருக்கும். கான்ஃபிக் படிப்பது, சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) திறப்பது, டிஎல்எஸ் அமைப்புகள், இணைப்பு வரம்பு, ரீலோடு (சேவையை நிறுத்தாமல் புதிய கான்ஃபிக்கை ஏற்பது), புள்ளிவிவரக் கணக்கு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எழுதியவர்கள் மோசமாக எழுதினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஐபிவி6 வந்தபோதும், யூனிக்ஸ் சாக்கெட் வந்தபோதும், கிளையன்ட்டின் உண்மையான முகவரியை இணைப்பின் தலைப்பில் சொல்லும் ப்ராக்ஸி புரோட்டகால் வந்தபோதும், எச்டிடிபி/3 வந்தபோதும் முதலில் கை வைக்க வேண்டியிருந்தது இந்த இடத்தில்தான். அதனால் இந்த நிலை.

சி அல்லது சி++ நிரலை ஓரளவு படிக்கத் தெரிந்த, இப்படி ஒரு திட்டத்தின் லிசனர் பகுதியை, அதன் நடத்தையை மாற்றாமல், சீர்செய்ய விரும்பும் ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் லினக்ஸை ஒட்டியவை. லிசனர் மறுசீரமைப்பில் பாதிக்கும் மேற்பட்ட நேரம், எதை மாற்றக் கூடாது என்று கண்டுபிடிப்பதிலேயே போகும், போகவும் வேண்டும். ஆகவே இந்தக் கட்டுரையிலும் அந்தப் பகுதிதான் நீளம்.

முதல் படி: எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

திட்டத்தின் மூல நிரலை இறக்கி, முதலில் ஒரு மாற்றமும் செய்யாமல் கம்பைல் செய்து, அதன் டெஸ்ட்களை ஓட்டுங்கள். எந்த டெஸ்ட் ஏற்கெனவே தோற்கிறது என்று இப்போதே குறித்து வைத்தால், பின்னால் உங்கள் பேட்ச் (நீங்கள் அனுப்பும் மாற்றம்) மேல் வீண்பழி வராது.

எங்கிருந்து தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் டைனிப்ராக்ஸியைப் படிக்கச் சொல்வேன். சின்ன சி திட்டம். 1.11ஆம் பதிப்பிலிருந்து இணைப்புக்கு ஒரு த்ரெட் என்ற எளிய மாதிரிக்கு மாறிவிட்டது. ஒரே மூச்சில் முழு ஓட்டத்தையும் படித்துவிடலாம். என்ஜின்எக்ஸில் சாக்கெட் திறக்கும் வேலை ஒரு கோப்பிலும் ஆக்செப்ட் செய்யும் (வந்த இணைப்பை வாங்கும்) வேலை இன்னொரு கோப்பிலும் தெளிவாகப் பிரிந்திருக்கும். ஸ்க்விட்டில் டிசிபிஆக்செப்டர் என்ற கிளாஸைத் தேடுங்கள். என்வாயில் லிசனர் ஃபில்டர் என்று தனி அடுக்கே உண்டு. எச்ஏப்ராக்ஸியில் லிசனர்.சி கோப்போடு டிசிபி, யூனிக்ஸ் சாக்கெட், யூடிபி மேல் ஓடும் க்விக் என ஒவ்வொரு நெறிமுறைக்கும் தனித்தனிக் கோப்புகள் உள்ளன. இந்தக் கடைசித் திட்டத்துக்கு இன்னும் சில முறை திரும்பி வருவேன். லிசனரைப் படிப்படியாகப் பிரித்ததற்கு அதன் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வரலாற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இரண்டாம் படி: ஒரே ஒரு இணைப்பைப் பின்தொடருங்கள்

நிரலைப் படிப்பதற்கு முன் அதை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. மென்பொருள் கெர்னலிடம் செய்யும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை நெட்வொர்க் அழைப்புகளுக்கு மட்டும் என்று வடிகட்டி, ப்ராக்ஸியை அதன்கீழ் ஓட்டுங்கள். இன்னொரு டெர்மினலிலிருந்து கர்ல் மூலம் ஒரு கோரிக்கை அனுப்புங்கள்.

திரையில் வருவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: சாக்கெட், அப்புறம் சில செட்சாக்ஆப்ட் (சாக்கெட்டின் விருப்பங்களை வைப்பது), அப்புறம் பைண்ட் (முகவரியைப் பிடிப்பது), லிசன் (காத்திருக்கத் தொடங்குவது). கொஞ்ச நேரம் அமைதி. கர்ல் வந்ததும் ஆக்செப்ட்4, அதைத் தொடர்ந்து புதிய சாக்கெட்டின் மேல் இன்னும் சில செட்சாக்ஆப்ட். இந்த வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். மறுசீரமைப்பு முடிந்த பிறகு இதே சோதனையை மறுபடி ஓட்டி, இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். வரிசை மாறியிருந்தால் ஏன் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். வரிசைக்கு உண்மையிலேயே அர்த்தம் உண்டு: ரீயூஸ்அட்ரஸ் விருப்பத்தை பைண்டுக்கு முன் வைத்தால்தான் பலன், பைண்டுக்குப் பின் வைத்தால் பிழை எதுவும் வராது. ப்ராக்ஸியை நிறுத்தி உடனே மறுபடி தொடங்கும்போதுதான் 'முகவரி பயன்பாட்டில் உள்ளது' என்று வந்து நிற்கும்.

சாக்கெட்டுகளின் நிலவரத்தைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் டிசிபி சாக்கெட்டுகளை அதில் பார்க்கும்போது, ரிசீவ் வரிசையில் தெரியும் எண் ஆக்செப்டுக்காகக் காத்திருக்கும் இணைப்புகள். செண்ட் வரிசையில் தெரியும் எண் பேக்லாக் வரம்பு, அதாவது அப்படிக் காத்திருக்கக்கூடிய இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை. சாதாரண இணைப்பில் இந்த இரண்டுக்கும் வேறு பொருள், குழப்பிக்கொள்ள வேண்டாம். நீங்கள் லிசன் அழைப்பில் எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் சோமேக்ஸ்கான் என்ற கெர்னல் அமைப்பு அதை வெட்டிவிடும். அதன் இயல்பு மதிப்பு லினக்ஸ் 5.4 வரும்வரை 128ஆக இருந்தது, அதிலிருந்து 4096. பேக்லாக் எண்ணை ஒரு ஸ்ட்ரக்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும்போது அது சுழியாகிப் போனால் எந்த டெஸ்டும் கத்தாது. கூட்டம் வரும்போது மட்டும் கிளையன்ட்கள் காரணம் புரியாமல் ஒரு விநாடி, மூன்று விநாடி என்று தாமதிப்பார்கள். எஸ்எஸ் வெளியீட்டில் ஒரே பார்வையில் இது தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: சொல்லப்படாத நடத்தைகளைப் பட்டியலிடுங்கள்

ஒரு காகிதம் எடுத்து, இந்த லிசனர் இப்போது என்னவெல்லாம் செய்கிறது என்று எழுதுங்கள். ஆவணத்தில் இருப்பதையல்ல, நிரலில் இருப்பதை. என் அனுபவத்தில் கீழே வருபவை எல்லாத் திட்டங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும்.

முதலாவது, ஆக்செப்ட் தோற்றால் என்ன ஆகிறது. இதில்தான் பல ஆண்டு அனுபவம் ஒளிந்திருக்கும். ஈஅகெய்ன் என்ற பிழைக்குறி வந்தால் வரிசை காலி, லூப்பை விட்டு வெளியே வரலாம். ஈஇன்டர் (அழைப்பு நடுவில் தடைபட்டது) வந்தால் மறுபடி முயல வேண்டும். ஈகான்அபார்ட்டட் வந்தால் அந்த ஒரு கிளையன்ட் போய்விட்டார் என்று பொருள். லிசனருக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்ததை எடுக்க வேண்டும். லினக்ஸில் இன்னொரு விசேஷம் உண்டு. புதிய இணைப்பில் ஏற்கெனவே நிலுவையில் இருக்கும் நெட்வொர்க் பிழைகளையும் ஆக்செப்ட் அழைப்பே திருப்பித் தரும். நெட்வொர்க் எட்டவில்லை, ஹோஸ்ட் எட்டவில்லை போன்றவை. இவற்றையும் ஈஅகெய்ன் போல எடுத்துக்கொண்டு மறுபடி முயலுமாறு கையேட்டுப் பக்கமே சொல்கிறது. 'தெரியாத பிழை என்றால் லிசனரை மூடு' என்று அழகாகச் சுருக்கி எழுதினால், எங்கோ ஒரு ரவுட்டர் தடுமாறியதற்கு உங்கள் ப்ராக்ஸி காத்திருப்பதையே நிறுத்திவிடும்.

ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த கோப்பு, சாக்கெட் ஒவ்வொன்றுக்கும் கெர்னல் தரும் எண்) தீர்ந்துபோகும் நிலையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதற்கான ஈஎம்ஃபைல் பிழை வரும்போது இணைப்பு கெர்னல் வரிசையிலேயே இருக்கிறது. எபோல் என்ற நிகழ்வு அறிவிப்பு வசதியை லெவல் ட்ரிகர் முறையில் (நிலைமை நீடிக்கும்வரை அறிவித்துக்கொண்டே இருப்பது) பயன்படுத்தினால், அது உடனே 'இணைப்பு காத்திருக்கிறது' என்று மறுபடி எழுப்பும். ஆக்செப்ட் மறுபடி தோற்கும். இப்படியே சிபியு முழுவதையும் ஒரு வெற்று லூப் விழுங்கிவிடும். இதை ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. என்ஜின்எக்ஸ் ஆக்செப்ட் நிகழ்வுகளைச் சற்று நேரம் அணைத்துவிட்டு, இயல்பாக 500 மில்லிவிநாடி கழித்து மறுபடி முயல்கிறது. ஸ்க்விட்டில் ஆக்செப்ட்லிமிட்டர் என்று ஒரு தனிப் பகுதி, டிஸ்கிரிப்டர் கிடைக்கும்வரை ஆக்செப்டை ஒத்திவைக்கிறது. லிப்யூவி நூலகம் ஒரு உதிரி டிஸ்கிரிப்டரை முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கும். தேவைப்படும்போது அதை மூடி, கிடைத்த இடத்தில் காத்திருக்கும் இணைப்பை வாங்கி, உடனே அதையும் மூடிவிடும். கோ மொழியின் எச்டிடிபி சர்வர், தற்காலிகப் பிழை வந்தால் 5 மில்லிவிநாடியில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போய் அதிகபட்சம் 1 விநாடி காத்திருக்கும். உங்கள் திட்டம் என்ன செய்கிறது என்று கண்டுபிடித்து அப்படியே காப்பாற்றுங்கள். அந்த விசித்திரமான பத்து வரிகள் தேவையற்றவை போலத் தெரியும், தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, எண்ணிக்கை. அதிகபட்ச இணைப்பு வரம்பு இருக்கும் ப்ராக்ஸியில், கணக்கை எப்போது கூட்டுகிறார்கள் என்று பாருங்கள். பல த்ரெட்கள் ஒரே லிசனரில் ஆக்செப்ட் செய்தால், 'இன்னும் ஒரு இடம் இருக்கிறது' என்று இரண்டு த்ரெட்களுக்கும் ஒரே நேரத்தில் தோன்றலாம். அதனால் எச்ஏப்ராக்ஸி முதலில் அட்டாமிக் முறையில் (நடுவில் வேறு த்ரெட் புகாதபடி) கணக்கைக் கூட்டி இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் ஆக்செப்ட் செய்கிறது. தோற்றால் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கிறது. இந்த 'திருப்பிக் கொடுக்கும்' வரி ஒவ்வொரு தோல்விப் பாதையிலும் இருக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் கணக்கு மெல்ல மெல்ல ஏறி, சில வாரம் கழித்து ப்ராக்ஸி காரணமின்றிப் புதிய இணைப்புகளை மறுக்கும். இந்த வகைப் பிழையைப் பின்னால் தேடிப்பிடிப்பது கொடுமை. அதனால்தான் இப்போதே எல்லாப் பாதைகளையும் எண்ணி எழுதச் சொல்கிறேன்.

மூன்றாவது, உரிமைகளும் ஃபோர்க்கும். லினக்ஸில் இயல்பாக 1024க்குக் குறைந்த போர்ட்டுகளில் பைண்ட் செய்ய ரூட் அல்லது அதற்குரிய தனி உரிமை வேண்டும். ப்ராக்ஸிகள் ரூட்டாகத் தொடங்கி, பைண்ட் செய்துவிட்டு, சாதாரணப் பயனராக மாறிவிடும். 'தேவைப்படும்போது சாக்கெட்டைத் திறக்கலாம்' என்று பைண்டைத் தள்ளிப்போட்டால் உங்கள் கணினியில் 8080இல் எல்லாம் ஓடும். பயனரின் சர்வரில் 443இல் விழுந்துவிடும். இதேபோல் ஃபோர்க்குக்கு (ப்ராசஸ் தன் நகலை உருவாக்குவது) முன் திறந்த சாக்கெட்டைத்தான் எல்லா வொர்க்கர் ப்ராசஸ்களும் பகிர்ந்துகொள்கின்றன. திறப்பதை ஃபோர்க்குக்குப் பின் நகர்த்தினால் முதல் வொர்க்கரைத் தவிர மற்றவை எல்லாம் முகவரி கிடைக்காமல் நிற்கும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்செப்ட் செய்த சாக்கெட், காத்திருக்கும் சாக்கெட்டின் நான்பிளாக்கிங் தன்மையை லினக்ஸில் பெறாது, பிஎஸ்டி வகைகளில் பெறும். ஆகவே அதை வெளிப்படையாக வைக்கும் வரி தேவையற்றது போலத் தோன்றினாலும் வேண்டும். ஐபிவி6 சாக்கெட்டில் வி6ஒன்லி (ஐபிவி6 மட்டும்) விருப்பத்தை யார் வைக்கிறார்கள் என்று பாருங்கள். அது விட்டுப்போனால் ஐபிவி4 லிசனரோடு மோதலாம். யூனிக்ஸ் சாக்கெட் என்றால் பழைய கோப்பை நீக்குவது, அனுமதிகளை வைப்பது, மூடும்போது நீக்குவதா வேண்டாமா என்பது. அப்புறம் ப்ராக்ஸி பதிவுக் கோப்பில் (log) எழுதும் வாசகங்கள். அவற்றைப் படித்து எச்சரிக்கை அனுப்பும் கருவிகளை யாரோ எங்கோ வைத்திருப்பார்கள். ஒரு சொல்லை அழகுபடுத்தினாலும் அவர்களுக்கு அது நடத்தை மாற்றம்தான்.

நான்காம் படி: டெஸ்ட்

பட்டியலில் எழுதியவற்றில் எவற்றுக்கு ஏற்கெனவே டெஸ்ட் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. எச்ஏப்ராக்ஸியின் ரெக்-டெஸ்ட்கள் (பழைய பிழைகள் திரும்பாமல் பார்க்கும் டெஸ்ட்கள்), வார்னிஷ் திட்டத்தின் சோதனைக் கருவியிலிருந்து பிரிந்த விடெஸ்ட் என்பதைப் பயன்படுத்துகின்றன. போர்ட் மோதல் வராமல் இருக்க விடெஸ்ட் தானே சாக்கெட்டைத் திறந்து, டிஸ்கிரிப்டரை எச்ஏப்ராக்ஸியிடம் கொடுக்கிறது. பெரும்பாலான டெஸ்ட்களில் பைண்ட் வரி இந்த முறையில்தான் எழுதப்பட்டிருக்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் லிசனரை மாற்றுபவருக்கு அதன் பொருள் என்ன? எச்ஏப்ராக்ஸி தானே சாக்கெட் திறந்து பைண்ட் செய்யும் சாதாரணப் பாதையை இந்த டெஸ்ட்கள் தொடுவதே இல்லை. எல்லாம் பச்சையாக வந்தாலும் உங்கள் மாற்றம் அந்தப் பாதையை உடைத்திருக்கலாம். உங்கள் திட்டத்தின் டெஸ்ட்களிலும் இப்படி ஒரு குருட்டுப்புள்ளி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

உங்கள் சொந்த டெஸ்ட்களில் நிலையான போர்ட் எண்ணை எழுதாதீர்கள். போர்ட் 0 கொடுத்து பைண்ட் செய்தால் கெர்னல் காலியான ஒன்றைத் தரும். கெட்சாக்நேம் மூலம் அது எது என்று கேட்டுக்கொள்ளலாம். குறைந்தபட்சம் இவற்றையாவது எழுதுங்கள்: டிஸ்கிரிப்டர் வரம்பை யூலிமிட் கொண்டு சின்னதாக்கி, அது தீர்ந்து, மறுபடி விடுபட்ட பின் புதிய இணைப்புகள் வருகின்றனவா, வரம்பை எட்டிய பின் ஒரு இணைப்பு மூடினால் காத்திருப்பது உள்ளே வருகிறதா, ஒரே போர்ட்டில் இரண்டாவது ப்ராக்ஸியைத் தொடங்கினால் தெளிவான பிழை வருகிறதா, ரீலோடின்போது தொடர்ந்து கோரிக்கைகள் அனுப்பினால் ஒன்றாவது அறுகிறதா. இந்த டெஸ்ட்கள் பழைய நிரலில் வெற்றி பெற வேண்டும். அப்படியே தனி பேட்ச்சாக முதலில் அனுப்பிவிடுங்கள். மறுசீரமைப்பு ஏற்கப்படாமல் போனாலும் இவை திட்டத்தில் தங்கும்.

ஐந்தாம் படி: எங்கே பிரிப்பது

பெரும்பாலான லிசனர்களில் மூன்று வேலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பயனர் கான்ஃபிக்கில் எழுதிய விருப்பங்கள் ஒன்று. முகவரி, டிஸ்கிரிப்டர், அதைத் திறப்பது, மூடுவது என்ற சாக்கெட் வேலை இன்னொன்று. ஆக்செப்ட் செய்து, வரம்பு பார்த்து, மேல் அடுக்கிடம் ஒப்படைக்கும் வேலை மூன்றாவது.

இவை ஏன் தனித்தனி? ஒரு பைண்ட் வரியில் போர்ட் வரம்பு கொடுத்தால் பல சாக்கெட்டுகள் திறக்கும். ஆகவே கான்ஃபிக்கும் சாக்கெட்டும் ஒன்றுக்கொன்று அல்ல. சாக்கெட் திறந்திருக்கலாம், ஆனால் ப்ராக்ஸி இடைநிறுத்தத்தில் இருக்கலாம். ஆகவே சாக்கெட்டின் நிலையும் ஆக்செப்டின் நிலையும் ஒன்றல்ல. இணைப்பு ஏற்படுத்தாமலே தரவை அனுப்பும் யூடிபியில் ஆக்செப்ட் என்று ஒன்றே இல்லை. ஆகவே ஆக்செப்ட் முறை நெறிமுறைக்கு ஏற்ப மாறும். எச்ஏப்ராக்ஸி 2020இல் வந்த 2.3ஆம் பதிப்பில் ரிசீவர் என்ற ஸ்ட்ரக்டை லிசனரிலிருந்து பிரித்தெடுத்தது. டிஸ்கிரிப்டரும் முகவரியும் ரிசீவருக்குப் போயின. ஆக்செப்ட் செய்வதையும் நெறிமுறை வாரியான ஃபங்ஷன் அட்டவணை வழியாக அழைக்கத் தொடங்கினார்கள். 2022இல் வந்த 2.6ஆம் பதிப்பில் க்விக் வழி எச்டிடிபி/3 ஆதரவு வந்தபோது, அதற்கான இடம் ஏற்கெனவே உருவாகியிருந்தது.

அவர்கள் செய்த முறை இன்னும் முக்கியம். புதிய ஸ்ட்ரக்டைத் தனியே உருவாக்கி, பாயிண்டர்களால் இணைத்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவில்லை. ரிசீவரை லிசனருக்கு உள்ளேயே ஒரு உறுப்பாக வைத்தார்கள். டிஸ்கிரிப்டர் புலம் லிசனரிலிருந்து அதன் உள்ளே இருக்கும் ரிசீவருக்கு இடம்பெயர்ந்தது. அதைப் படிக்கும் வரிகளெல்லாம் இயந்திரத்தனமாக மாறின. நினைவகம் யாருக்குச் சொந்தம், யார் முதலில் விடுவிப்பது என்ற கேள்விகளே எழவில்லை. நீங்களும் இதையே செய்யுங்கள். புலங்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுங்கள். கம்பைலரே விட்டுப்போன இடங்களைக் காட்டிக்கொடுக்கும். எல்லாம் உள்ளே போன பிறகு, சாக்கெட் ஃபங்ஷன்கள் லிசனரை வாங்குவதற்குப் பதில் ரிசீவரை மட்டும் வாங்குமாறு மாற்றுங்கள். எந்த ஃபங்ஷன் அப்போதும் லிசனரைக் கேட்டு அடம்பிடிக்கிறதோ அங்கேதான் இரண்டு வேலைகள் உண்மையில் கலந்திருக்கின்றன. அதைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

ஆறாம் படி: நகர்த்துவது வேறு, மாற்றுவது வேறு

ஒரு கமிட்டில் ஒரு வகை வேலை மட்டும். பெயர் மாற்றம் தனி கமிட். ஃபங்ஷனை வேறு கோப்புக்கு நகர்த்துவது தனி கமிட். நகர்த்தும்போது உள்ளே இடைவெளியைக்கூடத் திருத்தாதீர்கள். கிட்டின் கலர்-மூவ்ட் வசதி, அப்படியே நகர்ந்த வரிகளைத் தனி நிறத்தில் காட்டும். ரிவ்யூ செய்பவர் 400 வரிகளை ஒரே நிமிடத்தில் நம்பிவிடலாம். நடுவில் ஒரே ஒரு நிபந்தனையை மாற்றியிருந்தால் அந்த நம்பிக்கை போய்விடும், அவர் 400 வரிகளையும் படிக்க வேண்டிவரும். ஒவ்வொரு கமிட்டும் தனியே கம்பைல் ஆகி, டெஸ்டில் தேற வேண்டும். ரீபேஸ் (கமிட்களை வேறொரு அடித்தளத்தின் மேல் மறுபடி வைப்பது) செய்யும்போது ஒவ்வொரு கமிட்டுக்குப் பின்னும் ஒரு கட்டளையை ஓட்டும் வசதி கிட்டில் உண்டு. அதில் கம்பைல் கட்டளையையும் டெஸ்ட் கட்டளையையும் கொடுத்துவிடுங்கள். பின்னாளில் யாராவது பைசெக்ட் செய்து (கமிட்களைப் பாதிபாதியாகப் பிரித்துச் சோதித்து) பிழையைத் தேடும்போது இதன் அருமை தெரியும்.

ஏழாம் படி: நிலைகளுக்குப் பெயர் கொடுங்கள்

பழைய லிசனர்களில் 'டிஸ்கிரிப்டர் மைனஸ் 1 என்றால் மூடியிருக்கிறது', 'இந்தக் கொடி 1 என்றால் இடைநிறுத்தம்' என்று நிலை பல இடங்களில் சிதறியிருக்கும். அதை ஒரே 'ஈனம்' (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) வகையாகத் தொகுப்பது மறுசீரமைப்பின் மிகப் பயனுள்ள பகுதி என்பேன். எச்ஏப்ராக்ஸியின் பட்டியல் நல்ல முன்மாதிரி: புதியது, தொடக்கம் ஆனது, முகவரி ஒதுக்கப்பட்டது, இடைநிறுத்தம், காத்திருப்பு மட்டும், தயார், நிரம்பியது, பொது வரம்பால் தடுக்கப்பட்டது. கடைசி இரண்டையும் ஏன் பிரித்தார்கள் என்று யோசியுங்கள். நிரம்பியது என்றால் இந்த லிசனரின் சொந்த இணைப்பு ஒன்று மூடினால் போதும். பொது வரம்பு என்றால் வேறெங்கோ ஒரு இணைப்பு மூடினாலும் இதை எழுப்ப வேண்டும். எழுப்புபவர் யார் என்பது வேறாகும்போது நிலையும் வேறாக இருப்பதே சரி.

நிலையை மாற்றும் வேலையை ஒரே ஃபங்ஷனுக்குள் அடைத்துவிடுங்கள். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்று அங்கேயே சரிபார்க்கலாம், லாக்கும் (lock, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) அங்கேயே எடுக்கலாம். லாக் வரிசையில் கவனம் வேண்டும்: ஒரு பாதை முதலில் ப்ராக்ஸி லாக்கையும் அப்புறம் லிசனர் லாக்கையும் எடுத்து, இன்னொரு பாதை தலைகீழாக எடுத்தால் இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் டெட்லாக்தான்.

த்ரெட் மாதிரியில் ஓடும் ப்ராக்ஸி என்றால் இன்னொரு அபாயம். ஒரு த்ரெட் ஆக்செப்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொரு த்ரெட் அந்த டிஸ்கிரிப்டரை மூடினால், தூங்கும் த்ரெட் எழும் என்று நம்ப முடியாது. அதைவிட மோசம், அந்த எண் உடனே வேறொரு கோப்புக்குக் கொடுக்கப்பட்டுவிடலாம். முதலில் எழுப்பி, வெளியே வந்துவிட்டதை உறுதி செய்து, அதன் பிறகு மூடுங்கள். கோ மொழியில் எழுதிய ப்ராக்ஸிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே லிசனரை மூடினால் ஆக்செப்ட் பிழையோடு திரும்பிவிடும்.

எட்டாம் படி: மூடுவதையும் ரீலோடையும் கடைசியாகத் தொடுங்கள்

கடைசியாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பயனர்கள் இணைப்பை இழப்பது இங்கேதான்.

ரீயூஸ்போர்ட் வசதி லினக்ஸ் 3.9இல் வந்தது. பழைய ப்ராசஸும் புதிய ப்ராசஸும் ஒரே போர்ட்டில் ஒரே நேரத்தில் காத்திருக்கலாம். ரீலோடுக்கு இது போதுமே என்று தோன்றும். ஆனால் இந்த முறையில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனி வரிசை. பழைய ப்ராசஸ் தன் சாக்கெட்டை மூடும் நொடியில், அதன் வரிசையில் ஆக்செப்ட் ஆகாமல் நின்ற இணைப்புகளுக்கெல்லாம் ரீசெட் போகும். லினக்ஸ் 5.14இல் இந்த இணைப்புகளை மற்ற சாக்கெட்டுக்கு மாற்றும் ஒரு அமைப்பு வந்திருக்கிறது, ஆனால் அது எல்லாப் பயனரிடமும் இயங்குகிறது என்று எண்ணி நிரல் எழுத முடியாது. ஆகவே எச்ஏப்ராக்ஸி 2017இல் வந்த 1.8ஆம் பதிப்பிலிருந்து வேறு வழியையும் தருகிறது: பழைய ப்ராசஸ் தன் டிஸ்கிரிப்டர்களை யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் புதிய ப்ராசஸிடம் கைமாற்றிவிடும். சாக்கெட் ஒரு நொடிகூட மூடுவதில்லை. என்ஜின்எக்ஸ் பைனரியை மேம்படுத்தும்போது டிஸ்கிரிப்டர் எண்களைச் சூழல் மாறி வழியாகப் புதிய ப்ராசஸுக்குத் தெரிவிக்கிறது. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி மூலம் தொடங்கினால் சாக்கெட்டுகள் எண் 3 முதல் தயாராக வந்து சேரும்.

இதில் உங்களுக்கான வேலை ஒன்றுதான்: சாக்கெட் தன்னால் திறக்கப்பட்டதா, வெளியிலிருந்து வந்ததா என்பதை ரிசீவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த சாக்கெட்டை மறுபடி பைண்ட் செய்யக் கூடாது. அது பெற்ற முகவரியையும் கான்ஃபிக்கில் உள்ள முகவரியையும் பொருத்திப் பார்க்கும் நிரல் ஏற்கெனவே எங்காவது இருக்கும். அந்தப் பொருத்தத்தில் வி6ஒன்லி, இண்டர்ஃபேஸ் பெயர், நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் எல்லாம் சேர்ந்திருக்கலாம். நகர்த்தும்போது ஒன்று விடுபட்டால், ரீலோடில் தவறான சாக்கெட் ஒட்டிக்கொள்ளும்.

ப்ராக்ஸி புரோட்டகால் தலைப்பைப் படிக்கும் இடத்தையும் இங்கே கவனியுங்கள். அதை ஆக்செப்ட் லூப்புக்குள் காத்திருந்து படிக்கக் கூடாது. தலைப்பை அனுப்பாமல் சும்மா இருக்கும் ஒரே கிளையன்ட் மற்ற எல்லோரையும் தடுத்துவிடுவார். ஆக்செப்ட் ஆனவுடன் இணைப்பைக் கைமாற்றிவிட்டு, காலவரம்போடு பின்னால் படிக்க வேண்டும். பழைய நிரலில் இது சரியாக இருந்து, 'எளிமைப்படுத்தும்' பேட்ச்சால் கெடுவது எளிது.

ஒன்பதாம் படி: சரிபார்ப்பு

நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஒரு முறை, த்ரெட்கள் இருந்தால் அவை மோதும் பிழைகளைப் பிடிக்கும் த்ரெட் சானிடைசரோடு தனியே ஒரு முறை கம்பைல் செய்து டெஸ்ட்களை ஓட்டுங்கள். ப்ராக் (/proc) அடைவின் கீழ் ப்ராசஸின் டிஸ்கிரிப்டர் அடைவைப் பார்த்து, இருபது முறை ரீலோடு செய்த பிறகும் எண்ணிக்கை ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் படியில் சேமித்த எஸ்ட்ரேஸ் வெளியீட்டோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஒரு முறை ஓட்டுங்கள். காத்திருக்கும் சாக்கெட்டின் மேல் ஷட்டவுன் அழைத்தால் என்ன ஆகும் என்பது இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். இடைநிறுத்த நிரலைத் தொட்டிருந்தால் இது கட்டாயம்.

பத்தாம் படி: அனுப்புவது

திட்டத்தின் பங்களிப்பு விதிகளைப் படித்து, அதன் கமிட் வடிவத்தை அப்படியே பின்பற்றுங்கள். எச்ஏப்ராக்ஸியில் க்ளீன்அப், ரீஆர்க், மைனர், மீடியம் என்று தலைப்பிலேயே வகையையும் அபாய அளவையும் எழுத வேண்டும். இது வெறும் சடங்கு என்று நினைக்காதீர்கள். எதைப் பழைய பதிப்புகளுக்கு எடுத்துச் செல்வது என்று பராமரிப்பாளர்கள் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். தொடரின் முன்னுரையில் மூன்றாம் படியின் பட்டியலைச் சுருக்கித் தாருங்கள்: இவை மாறவில்லை, இப்படிச் சோதித்தேன், இந்த இடம் எனக்கு உறுதியில்லை. உறுதியில்லாததை நீங்களே சுட்டிக்காட்டினால் ரிவ்யூ செய்பவர் நேராக அங்கே பார்ப்பார். பெரிய தொடர் என்றால் முதல் நான்கைந்து பேட்ச்களை மட்டும் அனுப்பி, போகும் திசை சரியா என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

வேலையின் நடுவே உண்மையான பிழை ஒன்று கண்ணில் படும், அது கிட்டத்தட்ட நிச்சயம். ஏதோ ஒரு தோல்விப் பாதையில் டிஸ்கிரிப்டர் மூடப்படாமல் இருக்கும், அல்லது கணக்கு குறையாமல் இருக்கும். அதை மறுசீரமைப்புக்குள் வைத்துத் திருத்திவிட ஆசை வரும். வேண்டாம். உங்கள் கிளையை அப்படியே நிறுத்திவிட்டு, மாறாத பழைய நிரலின் மேல் அந்தப் பிழைக்கு மட்டும் ஒரு சின்னத் திருத்தம் எழுதுங்கள். பழைய பதிப்புகளில் உங்கள் ரிசீவர் ஸ்ட்ரக்ட் இருக்காது. அதன் மேல் எழுதிய திருத்தத்தை அங்கே கொண்டுபோக யாராவது கையால் மறுபடி எழுத வேண்டிவரும். தனித் திருத்தம் என்றால் அப்படியே பொருந்தும். அதை முதலில் அனுப்பி, ஏற்கப்பட்ட பிறகு, உங்கள் மறுசீரமைப்புக் கிளையை அதன் மேல் ரீபேஸ் செய்துகொள்ளுங்கள்.